தூரிகை சென்ற வழி

ஒரு சீன எழுத்தைக் கண்ணால் பார்த்து அதன் உருவத்தைக் குறையின்றி வரைந்து காட்டினாலும், சீன தேசத்து ஆசான் அதை எழுத்தென்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார். எந்த ரேகை முதலில் விழுந்தது, எது கடைசியில் வந்து முடித்தது என்பதே அவருடைய கேள்வி. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்கு ரேகைக்குப் பின்னரே அதை ஊடறுக்கும் நெடுக்கு ரேகை என்பவை அந்தப் பாலபாடத்தின் பொது விதிகள். தேசத்தைக் குறிக்கும் எழுத்தில் நாற்புறமும் மதில்போல் ஒரு சதுரம் உண்டு. அதன் இடது சுவரை முதலில் இறக்கி, மேல்விளிம்பையும் வலது சுவரையும் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் மடித்து, உள்ளே அமரவேண்டியவை யாவும் அமர்ந்தபின்னரே கீழ்விளிம்பை இட்டு அடைக்கவேண்டும்.

இந்தக் கிரமம் லிபியோடு உடன்பிறந்ததன்று. ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முன் ஷாங் வம்சத்து அரசர்கள் நிமித்தம் பார்க்கப் பயன்படுத்திய எலும்புகளும் ஆமையோடுகளும் அன்யாங் நகரத்தருகே அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் நெடுக்கு ரேகைகள் மட்டும் வெட்டப்பட்டுக் குறுக்கு ரேகைகள் இல்லாமலே விடப்பட்டிருப்பதைக் காணும்போது, ஒரு திசைக் கோடுகளையெல்லாம் வரிசையாக வெட்டி முடித்து, எலும்பைத் திருப்பி வைத்துக்கொண்டு மற்றத் திசைக் கோடுகளை வெட்டும் ஒரு தொழிலாளியின் கை நம் மனக்கண்ணில் தெரிகிறது. அவன் நாடியது கத்தியின் சௌகரியம்.

தூரிகையின் சௌகரியம் வேறு. விரலகல மூங்கில் பட்டையை இடக்கையில் பிடித்து, வலக்கையால் மை தோய்த்து, மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போன ஹான் காலத்து எழுத்தர்களின் அவசரத்தில், பழைய முத்திரை லிபியின் வளைவுகள் நிமிர்ந்து நேர் ரேகைகளாயின. ஹான் வம்சத்தின் இறுதியில் ஜோங் யாவும், நான்காம் நூற்றாண்டில் வாங் ஷீஜியும் இன்று புழங்கும் செவ்வெழுத்துக்கு மெருகேற்றினார்கள். வாங் ஷீஜியின் வழித்தோன்றலான ஜியோங் என்னும் பௌத்த பிக்ஷு, 'ஆயிர எழுத்து' நூலை எண்ணூறு பிரதிகள் தம் கையாலேயே எழுதி மடாலயங்களுக்கு வழங்கினார் என்பது வரலாறு. நித்தியம் என்று பொருள்படும் 'யோங்' என்ற ஒரே எழுத்தில் புள்ளி, குறுக்கு, நெடுக்கு, கொக்கி, இருபுறச் சரிவுகள் முதலான எட்டு அசைவுகளும் அடங்கியிருப்பதால், அதையே திரும்பத் திரும்ப எழுதி அப்பியாசம் செய்யும் முறையையும் வாங் ஷீஜி, ஜியோங் ஆகிய இருவரில் ஒருவர்பால் ஏற்றிச் சொல்வார்கள்.

ரேகை வரிசைக்கு இத்தனை கௌரவம் ஏன் என்பதற்கு விடை, என் அபிப்பிராயத்தில், விரைவெழுத்தில் இருக்கிறது. கை வேகமெடுக்கும்போது தூரிகை காகிதத்தை விட்டு எழுவதில்லை. தனித்தனி ரேகைகள் ஒன்றோடொன்று கலந்து உருவம் கரைந்துவிட, எஞ்சுவது தூரிகை சென்ற வழி மட்டுமே. விரைவெழுத்தில் சில இடங்களில் வரிசை செவ்வெழுத்தினின்று மாறுவதும் உண்டு. அந்த மாற்றங்களும் கை வழியாகவே கற்பிக்கப்பட்டு வந்தன. அவ்வழியை அறிந்தவன் நூறாண்டுக்கு முந்தைய கடிதத்தையும் படிப்பான். அறியாதவனுக்கு அது வெறும் மைக்கீற்று.

ஆகவேதான் சிறுவர்கள் முதலில் கையைப் பழக்கினார்கள். சிவப்பு மையில் அச்சிட்ட எழுத்துகளின்மேல் கறுப்பு மையால் வரைந்து செல்வது வழக்கம். மிகச் சில ரேகைகளே கொண்ட எழுத்துகளைக் கோத்து அமைத்த அந்தப் பாடம் தாங் காலத்திலேயே வழங்கியதற்குத் துன்ஹுவாங் குகையில் கிடைத்த ஏடுகள் சாட்சி. 1919-இல் லூ சுன் வெளியிட்ட சிறுகதையின் நாயகனான பரிதாபத்துக்குரிய பண்டிதனுக்கு ஊரார் சூட்டிய 'கோங் யீஜி' என்ற பெயர், இந்தப் பாடத்தின் எழுத்துகளிலிருந்தே எடுக்கப்பட்டது. படித்தவர் படிக்காதவர் யாவர் காதிலும் அது அத்தனை பழகியிருந்தது.

நூலில் வரிசையைக் குறித்துவைக்கும் முயற்சி 1615-இல் மெய் யிங்ஸுவோ தொகுத்த 'ஸீஹுய்' அகராதியின் முகப்பிலேயே காணப்படுகிறது. எனினும் அரசாங்கங்கள் இதில் தலையிட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். ஜப்பானியக் கல்வி அமைச்சு 1958-இல் 881 எழுத்துகளுக்கு வழிகாட்டி வெளியிட்டது. தைவான் 1996-இலும், சீன மக்கள் குடியரசு 7,000 எழுத்துகளுக்கு 1997-இலும் தத்தம் நியமங்களை வகுத்தன. நியமங்கள் ஒத்துப்போகவில்லை. வலம், இடம் என்னும் இரண்டு எழுத்துகளின் தலைப்பிலும் ஒரு குறுக்கு ரேகையும் இடப்புறம் சரியும் ஒரு ரேகையும் உள்ளன. சீனாவில் இரண்டிலும் குறுக்கு ரேகையே முந்தும். ஜப்பானிலோ, நீளத்தில் குறைந்தது எதுவோ அதுவே முந்தவேண்டும் என்னும் நுட்பத்தால், வலத்தில் சரிவு ரேகையும் இடத்தில் குறுக்கு ரேகையும் முதலில் வருகின்றன. இரண்டும் பழைய கைகளில் வழங்கியவையே. அந்த ஜப்பானிய வழிகாட்டி, தான் காட்டும் வரிசையல்லாத பிற வரிசைகளைத் தவறென்று தள்ளிவிடலாகாது என்றும் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் இவ்வெழுத்தில் இந்த ரேகை எத்தனையாவது என்று கேட்டு, ஒரே ஓர் எண்ணைச் சரியென ஏற்கும் பரீட்சை வினாக்கள் அந்நாட்டில் இன்றும் உள்ளன. வழிகாட்டி காட்டிய இந்தப் பெருந்தன்மையை அவ்வினாக்களை வகுப்போரும் கைக்கொள்ளவேண்டும் என்பது என் விருப்பம்.