கப்பல் தவறுதல் (பழனி மலைப் பிரயாணிகள்)

கப்பல் தவறுதல் என்பது, குறித்த வேளையில் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலில் இடம் பதிவு செய்துகொண்ட பிரயாணி ஒருவர், தம்மை அத்துறைமுகத்தில் கொண்டு சேர்த்திருக்க வேண்டிய விமானமோ ரயிலோ மோட்டார் வண்டியோ காலந்தாழ்த்தியமையால், கப்பல் போன பிறகு கரையில் மூட்டை முடிச்சுகளுடன் நிற்க நேர்வதாகும். மலை நெல்லிக்காய்க்கும் கடல் உப்புக்கும் ஜாடியில் உறவு ஏற்படுவது போல, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைமேல், ரயிலும் விமான நிலையமும் இல்லாத கொடைக்கானலுக்கும் இந்தச் சங்கடத்துக்கும் நெடுநாளைய சம்பந்தம் உண்டு.

அவ்வூரே கப்பலேறி வந்தவர்கள் அமைத்தது. 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்னும் நில அளவையாளர் பழனி மலையின் மேற்பரப்பை அளந்து சென்றார். அதன்பின், 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தங்களிற் பலரைப் பலிகொடுத்த துயரத்தினால், 1845-இல் மலைமேல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டனர். அவர்களுக்குக் கடிதமும் புத்தகமும் மருந்தும் புதிய துணைவர்களும் கடல் வழியாகவே வந்தாக வேண்டும். ஊர் திரும்புவதும் கடல் வழியாகவே. ஆயினும், பாய்மரக் கப்பல்கள் ஓடிய அக்காலத்தில் கப்பல் தவறியதென்னும் பேச்சுக்கு இன்றைய பொருள் கிடையாது. காற்று வாய்த்து, சரக்கு நிறைந்து, மாலுமித் தலைவனுக்கு மனம் வந்தபோதுதான் கப்பல் புறப்பட்டதாதலால், கப்பலுக்காகப் பிரயாணி துறைமுகத்தில் நாட்கணக்கில் காத்திருந்தானேயன்றி, மணிக்கணக்கில் தாமதித்து அதைத் தவறவிடுவதற்கு அவனுக்கு வாய்ப்பே அரிது. நேர அட்டவணை என்ற ஒன்று பிறந்த பிறகுதான் தவறுதலும் பிறந்தது.

அந்த அட்டவணை தென்னாட்டுக்கு ரயில் வடிவில் வந்தது. 1875-இல் திண்டுக்கல் வழியாக மதுரைக்கும், அடுத்த ஆண்டில் தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை எட்டியதும், அம்மையநாயக்கனூரில் அமைந்த கொடை ரோடு நிலையம் பழனி மலைக்கு வாயிலாயிற்று. மலையினின்று இறங்குபவர், கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் செங்குத்தான ஒற்றையடிப் பாதையிலே குதிரைமேலோ, கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலோ, டோலியிலோ வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் குலுங்கிக் கொடை ரோடு சேர்ந்து, தூத்துக்குடி வண்டியைப் பிடித்து, அங்கே கொழும்புக்குச் செல்லும் நீராவிக் கப்பலில் ஏற வேண்டும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவர்களுக்குக் கொழும்புத் துறைமுகமே பெரிய சந்திப்பு. தூத்துக்குடியில் ஆழம் போதாமையால் பெரிய கப்பல்கள் கரையை நெருங்காமல் பல மைல் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும்; படகுகளே மக்களைக் கப்பலுக்கு எடுத்துச் செல்லும். ஆதலால், கடைசிப் படகைத் தவறவிட்டவருக்குக் கப்பல் கண்ணுக்கெதிரே நின்றுகொண்டிருக்கும். ஆனால் அது போய்விட்ட கப்பலுக்குச் சமானமே. கையெட்டாத கனியைக் கண்ணால் பார்த்திருப்பதன் கொடுமை, கனியே இல்லாமையினும் பெரிது.

1914-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. அவ்வாண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், மார்ச் மாதத்தில் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ், மக்கள் வாயில் ‘போட்மெயில்’, ஓடத் தலைப்பட்டது. ரயில் தனுஷ்கோடிக் கப்பல் துறையருகே நிற்கும். இறங்கியவர் சில அடிகள் நடந்து நீராவிக் கப்பலில் ஏறுவர். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினால், அங்கே கொழும்பு வண்டி நிற்கும். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்புக் கோட்டை வரையில் செல்லும். இந்திய மண்ணில் ரயிலை ஓட்டியதும், நீரிணையில் இர்வின், கோஷன் முதலிய கப்பல்களை ஓட்டியதும் தென்னிந்திய ரயில்வே என்னும் ஒரே ஸ்தாபனமாகையால், ரயில் தாமதிப்பின் கப்பல் தனியே போவதில் அதற்கு லாபம் ஏதுமில்லை. கப்பலில் ஏற வேண்டியவர்களில் பெரும்பாலோர் அந்த ரயிலிலேயே அல்லவா வந்துகொண்டிருந்தார்கள்! இணைப்பு என்பதன் உட்பொருள் இதுவே: இரு வண்டிகளின் வேகத்தைக் காட்டிலும், அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள மூட்டு யாருடைய பொறுப்பு என்பதே பிரயாணியின் கதியை நிர்ணயிக்கிறது. இலங்கைக்குத் தோட்டத் தொழிலுக்காகச் சென்ற ஏழைத் தமிழர்களுக்கு மட்டும் இந்தச் சுலபமும் இல்லை. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக் காவலில் நாட்கள் கழிந்த பிறகே அவர்கள் கடலைக் கண்டனர். அவர்களது கப்பலை அவர்கள் தவறவிடவுமில்லை, பிடிக்கவுமில்லை, பிறர் ஏற்றிவிட ஏறினார்கள்.

கொடைக்கானலின் மலைப்பாதை பின்னர்தான் சீர்பெற்றது. மேஜர் லா என்பவர் 1870-களில் தொடங்கிய லாஸ் காட் பாதை, 1916-இல் மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டதும், வத்தலக்குண்டு வழியே கொடை ரோடு சேர்வது ஒரு பகற்பொழுதுக்குள் முடிகிற காரியமாயிற்று. விசித்திரம் யாதெனில், மலைப்பாதை திருந்திய சில ஆண்டுகளில் ரயில் பாதை விலகிப்போயிற்று: 1930-ஐ ஒட்டித் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, மானாமதுரை வழியாக நேர்ப்பாதை அமைந்தபின் போட்மெயில் அவ்வழியே திரும்பவே, கொடை ரோட்டுப் பிரயாணிக்கு மதுரையில் வண்டி மாறும் சிரமம் சேர்ந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியையும், பாம்பனிலிருந்து அங்கே சென்றுகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்தோரையும் கடலுக்கு இரையாக்கிய பின், கப்பல் போக்குவரத்து ராமேசுவரத்துக்கு மாறி, ‘ராமானுஜம்’ என்ற கப்பலினால் சில காலம் நடந்து, இலங்கை உள்நாட்டுக் கலவரத்தினால் 1980-களில் நின்றுவிட்டது.

தற்காலத்தில் கப்பல் என்பது போக்குவரத்துச் சாதனமாயிருந்த நிலை மாறி, உல்லாசத்தின் பெயராயிற்று. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்னும் சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். 2023 ஜூன் 5 அன்று அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்குச் செல்லத் தொடங்கிற்று. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களை நாடி மதுரையிலும் சென்னையிலும் விமானமேறுவோரும் உளர். பழனி மலைவாசி இவற்றில் எதைப் பிடிக்க வேண்டுமானாலும், பெருமாள்மலையிலும் ஊத்திலும் மூடுபனியையும், டம் டம் பாறையை அடுத்த வளைவுகளில் கோடைக்கால வண்டி வரிசையையும், ஐப்பசி கார்த்திகை மழையில் சரியும் மண்ணையும் தாண்டி, சுமார் 120 கிலோமீட்டர் சென்று மதுரை விமான நிலையத்தை அடைந்தாக வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் பெற வேண்டியிருப்பதும், 2025-ஆம் ஆண்டுக் கோடையில் வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளுமே அனுமதிக்கப்பட்டதும் இந்த நெரிசலின் அளவைக் காட்டும்.

விமானத்தின் தாமதம் மலையினின்று கண்ணுக்குப் புலப்படாதது. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்கிடையே ஓடுவதால், காலையில் வடநாட்டு ஊரொன்றில் பனியினால் நேர்ந்த ஒரு மணித் தாமதம், ஒவ்வொரு இறக்கத்திலும் சிறிது வளர்ந்து, மதுரையின் மாலை வானம் தெளிவாக இருக்கும்போதே அங்குள்ள பிரயாணியை வந்து தாக்கும். இயற்கையின் சீற்றம் நேரே இறங்குமாயின் சொல்ல வேண்டியதில்லை: 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டிருந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே ஓடுபாதை நீரில் மூழ்கிற்று. விமானம் சென்னையில் இறங்கிய பிறகும் துறைமுகம் கைவசமாகிவிடாது. நகரத்தின் நெரிசலூடே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் எஞ்சியிருக்கும்.

கப்பல் காத்திராமைக்குக் காரணம் கல்நெஞ்சமன்று. துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் உண்டு. வெளியே வழிகாட்டிச் செல்லும் பைலட்டும் இழுவைப் படகுகளும் குறித்த வேளைக்கு ஏற்பாடானவை. அடுத்த துறையில் இடம் ஒதுக்கியிருப்பதும் மணிக்கணக்கில்தான். பல நூறு பேரை ஏற்றிக்கொண்ட கலம், நாலைந்து பேருக்காக அவ்வளவையும் குலைத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் முன்பே பிரயாணிகளின் பட்டியலை முடித்துவிடுவதால், ஏணி எடுக்கப்படாதிருக்கும்போதே பிரயாணிக்குக் கதவு அடைபட்டிருக்கும். அடுத்த துறையில் போய்ச் சேர்ந்துகொள்ளலாமே என்னும் யோசனை, அந்த நாட்டு விசாவும் கப்பல் நிறுவனத்தின் இசைவும் குடியேற்ற அதிகாரிகளின் ஒப்புதலும் மூன்றும் கூடினாலன்றிப் பலிப்பதில்லை. விமானமும் கப்பலும் ஒரே நிறுவனத்தின் ஒரே ஒப்பந்தத்தில் விற்கப்பட்டிருப்பின், பிரயாணியை அடுத்த துறைக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் விற்றவரையே சாரும். போட்மெயிலின் பழைய நியாயம் அங்கே மட்டும் உயிரோடிருக்கிறது. தனித்தனியே மலிவாக வாங்கியவர், அந்த மலிவுக்கு ஈடாக மூட்டின் பொறுப்பைத் தாமே தோளில் ஏற்றிக்கொண்டவராவார்.

சட்டம் தரும் ஆறுதல் சிறிதே. இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிகள், தாமதத்தின் அளவுக்கேற்பச் சிற்றுண்டியையும், ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்டால் மாற்று விமானத்தையோ கட்டணம் திரும்பப் பெறுதலையோ வழங்குகின்றனவேயன்றி, போன கப்பலின் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2009-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரீயல் உடன்படிக்கை, சர்வதேச விமானத்தின் தாமதத்தால் விளையும் நஷ்டத்துக்கு ஓர் எல்லைக்குட்பட்டு ஈடு கோர வழி செய்கிறது; ஆயினும், இயன்ற நடவடிக்கைகள் யாவும் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்துவிடின் அவ்வழியும் அடைபடும். இத்துறையில் நினைவிற்கொள்ளத்தக்க தீர்ப்பு ரயிலைப் பற்றியது. 2016-இல் அஜ்மீர்-ஜம்மு எக்ஸ்பிரஸ் சுமார் நான்கு மணி நேரம் தாமதித்தமையால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பிரயாணி ஒருவருக்கு, வாடகைக் காருக்கான 15,000 ரூபாயும், தால் ஏரியில் பதிவு செய்து பயனற்றுப்போன படகுக்கான 10,000 ரூபாயும், மனவேதனைக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாயும் தர வேண்டுமென்ற உத்தரவை, 2021 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்குக் காரணம் காட்டி நிரூபிக்கும் கடமை ரயில்வேயினுடையது என்பதே அத்தீர்ப்பின் சாரம். தவறிய ஏரிப் படகுக்குக் கிடைத்த நியாயம் தவறிய கடற்கப்பலுக்கும் கிடைக்கலாகாதென்று சொல்வதற்கில்லை. எனினும், அதற்காக ஐந்தாண்டு நீதிமன்றப் படியேறும் பொறுமை எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பது வேறு.

மலைவாசிகளின் வழக்கம் இதைக் காட்டிலும் எளிது: கப்பலுக்கு முந்தின நாளே இறங்கிவிடுவது. தம் மாட்டு வண்டிக் காலத்து முன்னோரைப் போலவே, மதுரையிலோ சென்னையிலோ ஓர் இரவு தங்கி, விடுதி வாடகையைக் கப்பற் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். பயணக் காப்பீட்டுப் பாலிசிகளும் உண்டு. அவற்றில் இணைப்பு தவறுவதற்கான பிரிவு விமானங்களுக்கிடையே மட்டும் செல்லுபடியாகுமா, கப்பலையும் சேர்க்குமா என்பதைப் பணம் கட்டும் முன் வாசித்தறிய வேண்டும்.

விமானத்தின் தயவே இன்றிக் கடல் கடக்கவும் இப்போது ஒரு வழி பிறந்துள்ளது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற கப்பல் தொடங்கி வைத்த போக்குவரத்தை, 2024 ஆகஸ்ட் முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் மேற்கொண்டது. நான்கு மணி நேரத்தில் கரை சேரலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியே சாலையிலேயே நாகையை அடையலாம். ஆனால், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிப்பினால் அக்கப்பல் நிறுத்தப்படுவதுண்டு. மலைப்பாதையில் மண் சரிவதும் அம்மாதங்களிலேதான்.