அச்சுப் பற்சக்கர விகிதம்

அச்சுப் பற்சக்கர விகிதம் என்பது ஒரு தானுந்தின் உந்துதண்டு எத்தனை முறை சுழன்றால் அதன் சக்கரங்கள் ஒரு முறை சுழலும் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். அச்சின் நடுவே உள்ள உருண்டைக் கூட்டினுள், உந்துதண்டின் முனையில் பொருத்தப்பட்ட சிறிய பற்சக்கரம் ஒன்று, அச்சோடு சுழலும் பெரிய பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. சிறியது பினியன் எனவும் பெரியது கிரௌன் எனவும் பணிமனைகளில் வழங்கப்படுகின்றன. கிரௌனின் பற்களின் எண்ணிக்கையைப் பினியனின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே இவ்விகிதம். கிரௌனில் 43 பற்களும் பினியனில் 8 பற்களும் இருப்பின் விகிதம் 5.375 ஆகும். இது 5.38 என முழுமையாக்கி எழுதப்படுகிறது.

கரடுமுரடான வழிகளில் ஓட்டுவதற்காக ஒரு ஊர்திக்குப் பெரிய டயர்கள் பொருத்தப்படும்போது இவ்விகிதத்தையும் மாற்ற வேண்டுமா, மாற்றினால் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதன்மைப் பொருளாகும். எடுத்துக்காட்டுகளுக்குக் கல்வராயன் மலையின் சாலைகளும், இந்தியாவில் நீண்ட காலம் உற்பத்தி செய்யப்பட்ட ஜீப் வகை ஊர்திகளும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

பெயரில் உள்ள குழப்பம்

எண்ணளவில் பெரிய விகிதம் (5.38) இழுவையைக் கூட்டி வேகத்தைக் குறைக்கும். எண்ணளவில் சிறிய விகிதம் (3.73) இதற்கு நேர்மாறானது. ஆனால் பேச்சுவழக்கில் முன்னதைத் "தாழ்ந்த" விகிதம் என்றும் பின்னதை "உயர்ந்த" விகிதம் என்றும் கூறுவர். முதல் கியர் தாழ்ந்த கியர் எனப்படுவதைப் போன்றதே இதுவும். உதிரிப்பாகம் வாங்கும்போது இதனால் நேரும் தவறுகள் பல. எனவே தாழ்ந்தது, உயர்ந்தது எனக் கூறாமல் எண்ணையோ பற்களின் எண்ணிக்கையையோ கூறுவதே பாதுகாப்பானது. ஜீப் வகை அச்சுகளில் பரவலாகக் காணப்படும் விகிதங்களுள் 5.38 (43/8), 4.88 (39/8), 4.27 (47/11), 3.73 (41/11) ஆகியன அடங்கும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் 4.88 விகிதமும், போருக்குப் பின் வந்த சி.ஜே.-2ஏ குடிமைப் பயன்பாட்டு ஜீப்பில் 5.38 விகிதமும் இருந்தன. உழவுக்கும் சுமை இழுக்கவும் பயன்பட வேண்டும் என்னும் நோக்கில் வடிவமைக்கப்பட்ட வண்டிக்குக் கூடுதல் இழுவை தேவைப்பட்டது.

மேலே தரப்பட்ட பல் எண்ணிக்கைகளில் எந்த இணைக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இல்லை என்பதைக் கவனிக்கலாம். இதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் ஒவ்வொரு பல்லையும் முறை வைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் ஒரே இடத்தில் குவியாமல் பரவுகிறது.

டயர் பெரிதாகும்போது நிகழ்வது

டயரும் ஒரு நெம்புகோலே. அச்சு தரும் முறுக்குவிசையை டயரின் ஆரத்தால் வகுத்தால் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை கிடைக்கும். ஆரம் 10 விழுக்காடு கூடினால் தள்ளுவிசை ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். அதே வேளையில் ஒரு சுழற்சியில் வண்டி கூடுதல் தொலைவு செல்வதால், அதே வேகத்தில் பொறியின் சுழற்சி குறைகிறது. சமவெளி நெடுஞ்சாலையில் இது நன்மையாகக்கூடத் தோன்றலாம். மலையேற்றத்தில் இதன் விளைவு வேறு.

பழைய நிலையை மீட்பதற்கான சூத்திரம் எளியது:

புதிய விகிதம் = பழைய விகிதம் × (புதிய டயரின் விட்டம் ÷ பழைய டயரின் விட்டம்)

6.00-16 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 730 மிமீ. இலகு சுமையுந்துகளில் பரவலாகப் பயன்படும் 7.50-16 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 805 மிமீ. 4.88 விகிதம் கொண்ட ஜீப்பில் முன்னதைக் கழற்றிப் பின்னதைப் பொருத்தினால் தேவைப்படும் விகிதம் 4.88 × 805 ÷ 730, அதாவது 5.38 ஆகும். கடையில் கிடைக்கும் அடுத்த விகிதமும் அதுவாகவே இருப்பது இங்கு ஒரு நல்வாய்ப்பு. பெரும்பாலான வேளைகளில் கணக்கில் வரும் எண் சந்தையில் இராது. அப்போது அருகில் உள்ள இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கும்.

மணிக்கு 60 கிமீ வேகத்தில் நேரடிக் கியரில் செல்லும்போது, பழைய டயரில் பொறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 2130 முறை சுழலும். டயரை மட்டும் மாற்றினால் இது 1930 ஆகக் குறையும். விகிதத்தையும் 5.38 ஆக்கினால் மீண்டும் 2130 ஆகும்.

மெட்ரிக் முறையில் குறிக்கப்பட்ட டயரின் விட்டத்தைப் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள எண்களிலிருந்தே கணக்கிடலாம். 245/75 ஆர்16 என்பதில் 245 மிமீ அகலம். அதில் 75 விழுக்காடு, அதாவது 183.75 மிமீ பக்க உயரம், 16 அங்குலம் (406.4 மிமீ) வளைய விட்டம். மேலும் கீழும் இரு பக்க உயரங்களைச் சேர்த்தால் ஏறத்தாழ 774 மிமீ. 2020 இல் வெளிவந்த மகிந்திரா தாரில் இவ்வளவும், 255/65 ஆர்18 (789 மிமீ) என்னும் அளவும் வழங்கப்பட்டன. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2 விழுக்காடே. இத்தகைய மாற்றத்திற்கு அச்சைத் திறக்க வேண்டியதில்லை. மாறாக 285/75 ஆர்16 (834 மிமீ) பொருத்தினால் வேறுபாடு 8 விழுக்காட்டை நெருங்குகிறது. பொதுவாக 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பின் விட்டுவிடுவதும், 10 விழுக்காட்டை எட்டினால் மாற்றுவதும் பொருத்தமானது. இடைப்பட்ட நிலையில் பொறியின் வலிமையும் வண்டியின் பயன்பாடுமே முடிவு செய்யும்.

கல்வராயன் மலையில் ஒரு கணக்கு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களைத் தொட்டு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் பிரிக்கப்பட்டது. கச்சிராயப்பாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு மலைச்சாலை செல்கிறது. முதன்மைச் சாலைகளை விட்டு விலகியதும் பல சிற்றூர்களுக்கான வழிகள் மண் தடங்களாகின்றன. 2024 இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தபோது சாலை வசதியும் அதில் ஒரு முக்கியப் பொருளாயிற்று. நல்ல சாலை இல்லாத இடத்தில் நோயாளியும் அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் ஏதோ ஒரு வண்டியில்தான் வந்து சேர வேண்டும். அந்த வண்டி ஏறுமா என்பதே இங்குள்ள கேள்வி.

சுமையோடு 1800 கிகி எடையுள்ள ஒரு ஜீப், 5 மீட்டர் செல்ல 1 மீட்டர் உயரும் மண் ஏற்றத்தில் செல்வதாகக் கொள்வோம். சரிவை வெல்ல ஏறத்தாழ 3460 நியூட்டன் விசை வேண்டும். இறுகாத மண்ணின் உருள் தடையை எடையில் 5 விழுக்காடு எனக் கொண்டால் மேலும் 870 நியூட்டன். மொத்தம் 4330 நியூட்டன். பல்லிணைப்பெட்டி பழைய ஜீப்புகளில் இருந்த டி-90 வகை எனில் முதல் கியர் விகிதம் 2.798. அச்சு 4.88 எனில் இரண்டின் பெருக்கம் 13.65. வழியில் 15 விழுக்காடு ஆற்றல் உராய்வில் இழக்கப்படும் எனக் கொண்டால், பொறி தர வேண்டிய முறுக்குவிசை:

730 மிமீ டயர், 4.88 விகிதம்: 136 நியூட்டன் மீட்டர்
805 மிமீ டயர், 4.88 விகிதம்: 150 நியூட்டன் மீட்டர்
805 மிமீ டயர், 5.38 விகிதம்: 136 நியூட்டன் மீட்டர்

வில்லிஸ் ஜீப்பின் புகழ்பெற்ற கோ-டெவில் பொறியின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 142 நியூட்டன் மீட்டர். பழைய டயரில் அரும்பாடுபட்டேனும் ஏறும் வண்டி, டயரை மட்டும் மாற்றியபின் அதே ஏற்றத்தில் நின்றுவிடும். ஓட்டுநர் கிளட்சைப் பாதி அழுத்தியபடி ஏற்ற முயல்வார். சில நாட்களில் கிளட்ச் தகடு கருகிவிடும். பழுது கிளட்சில் தோன்றினாலும் அதன் காரணம் டயரில் உள்ளது.

நான்கு சக்கர இயக்கமும், அதற்குரிய குறைந்த வேக நிலையும் இருக்கும்போது இது ஏன் சிக்கலாக வேண்டும் என வினவலாம். டானா 18 வகை டிரான்ஸ்ஃபர் கேசின் குறைந்த வேக நிலை 2.46 மடங்கு இழுவையைக் கூட்டுகிறது. அதன்படி மொத்த விகிதம் 33.6 ஆகிறது, 150 நியூட்டன் மீட்டர் தேவை 61 ஆகச் சுருங்குகிறது. மண் தடத்தில் இது முற்றிலும் போதும். ஆனால் இவ்வகை அமைப்பில் முன் அச்சை இணைத்த பின்னரே குறைந்த வேக நிலைக்குச் செல்ல இயலும். முன், பின் அச்சுகளுக்கிடையே வேறுபாட்டுப் பற்சக்கரம் இல்லாததால், தார்ச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இவ்வாறு ஓட்டினால் இரு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஆகவே மலைச்சாலையின் தார் போட்ட ஏற்றங்களில் இவ்வசதி இருந்தும் பயன்படாது. நான்கு சக்கர இயக்கமே இல்லாத சரக்கு வண்டிகளுக்கோ அச்சு விகிதம் ஒன்றே வழி. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சூரியநெல்லியிலிருந்து செல்லும் பாதை போன்ற முழுக் கற்தடங்களில் மட்டும் ஓடும் ஜீப்புகளுக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது.

இறக்கம்

ஏற்றத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசப்படுகிறது. கல்வராயன் மலையில் சரக்குப் போக்குவரத்தின் போக்கைக் கவனித்தால் இறக்கமே கூடுதல் கவலைக்குரியது. மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. அதாவது வண்டி முழுச்சுமை ஏற்றுவது கீழ்நோக்கிய பயணத்தில்தான்.

1800 கிகி எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 88 இலட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள 30 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க இது போதும். உருள் தடையும் காற்றுத் தடையும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதைப் பொறியின் தடையும் பிரேக்குமே ஏற்க வேண்டும். டயர் பெரிதானால் கியரில் பிடித்து இறக்கும் திறன் அதே 9 விழுக்காடு குறையும். மேற்கண்ட ஜீப்பைக் குறைந்த வேக நிலையில், முதல் கியரில், பொறி நிமிடத்திற்கு 700 சுழற்சியில் இருக்க விட்டால் பழைய டயரில் மணிக்கு 2.9 கிமீ வேகத்தில் இறங்கும். பெரிய டயரில் 3.2 கிமீ. மண் தடத்தில் இது சிறு வேறுபாடே. தார்ச்சாலையில் இரண்டாம் கியரில் இறங்கும்போது அந்தக் குறையை ஈடுகட்டுவது ஓட்டுநரின் கால்தான்.

விகிதத்தை மாற்றினால் பொறியின் தடை மீண்டுவிடும். ஆனால் பிரேக் மீளாது. பிரேக் சக்கரத்தின் மீதே செயல்படுவதால், ஆரம் கூடியதால் இழந்த 9 விழுக்காடு நிறுத்துவிசையை எந்த அச்சுப் பற்சக்கரமும் திருப்பித் தர இயலாது. பெரிய டயர் பொருத்துவோர் பலர் இதை எண்ணுவதில்லை. செலவுக்கு வரம்பு உண்டெனில் பிரேக்கைச் சீராக்குவதே முதலில் செய்ய வேண்டியது என்பதில் ஐயமில்லை.

தெரிவை மாற்றும் பிற காரணங்கள்

பொறி மாற்றப்பட்ட வண்டிக்குச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. 5.38 விகிதம் கொண்ட பழைய பெட்ரோல் ஜீப்பில் மெதுவாகச் சுழலும் டீசல் பொறி பொருத்தப்பட்டால், சமவெளியில் பொறி விரைவில் தன் உச்சச் சுழற்சியை எட்டிவிடும். அப்போது பெரிய டயரே அதற்கு மருந்தாகிறது. விகிதத்தைத் தொட வேண்டியதில்லை. சிலர் டயரை விட்டுவிட்டு விகிதத்தை 4.88 அல்லது 4.27 எனக் குறைப்பதும் உண்டு. டயரின் அளவு மட்டுமன்றி எடையும் கருதத்தக்கது. கனத்த டயரைச் சுழலச் செய்யவே கூடுதல் விசை வேண்டும் என்பதால், கணக்கில் வரும் எண் இரு விகிதங்களுக்கு இடையே விழும்போது மலையில் ஓடும் வண்டிக்கு எண்ணளவில் பெரியதைத் தெரிவு செய்வதே நன்று.

டயரின் வகையிலும் கவனம் தேவை. 6.00-16 என்பது டிராக்டர்களின் முன்சக்கர அளவும் ஆகும். அளவு ஒன்றே என்பதால் அதை ஜீப்பில் மாட்டலாகாது. நீள்வரிகள் கொண்ட அந்த டயர் வயலில் மெதுவாகச் செல்வதற்கென உருவானது.

பொருத்துதல்

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன், பின் அச்சுகள் இரண்டையும் ஒரே விகிதத்திற்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் ஏதேனும் ஒரு பாகம் உடையும்.

கிரௌனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து இணையாக்கப்பட்டவை. ஓர் இணையின் பினியனை வேறோர் இணையின் கிரௌனுடன் சேர்க்கலாகாது. விகிதம் கூடும்போது பினியன் சிறுத்து கிரௌன் தடிமனாவதால், சில அச்சுகளில் கிரௌனைத் தாங்கும் கூண்டையும் மாற்ற நேரிடும். டானா 44 வகையில் 3.73 வரை ஒரு கூண்டும் 3.92 முதல் மற்றொரு கூண்டும் பயன்படுகின்றன. சிறுத்த பினியனின் பற்கள் வலிமை குறைந்தவை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

பினியனின் ஆழமும் இரு சக்கரங்களுக்கிடையிலான இடைவெளியும் மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்யப்படுகின்றன. இவ்விடைவெளி பெரும்பாலும் 0.13 முதல் 0.25 மிமீ வரை இருக்கும். பற்களில் வண்ணப்பசை தடவிச் சுழற்றி, பதியும் தடம் பல்லின் நடுவில் அமைகிறதா எனப் பார்ப்பது வழக்கம். இதைச் செய்யாமல் முடுக்கிவிடப்பட்ட அச்சு முதலில் ஊளையிடும்; பின் பற்களை இழக்கும். புதிய பற்சக்கரங்களைச் சில நூறு கிலோமீட்டர் சுமையின்றி, இடையிடையே ஆறவிட்டு ஓட்டி, எண்ணெயை மாற்றிய பின்னரே முழுச்சுமை ஏற்ற வேண்டும்.

பழைய ஜீப்பில் வேகமானி டிரான்ஸ்ஃபர் கேசிலிருந்து இயங்குவதால் டயர், விகிதம் இரண்டும் அதன் அளவைப் பாதிக்கும். இரண்டும் ஒரே அளவில் மாறினால் வேகமானி சரியாகவே காட்டும். சக்கர உணரிகளிலிருந்து வேகத்தை அறியும் புதிய வண்டிகளில் டயரின் அளவு மட்டுமே பிழையை உண்டாக்கும்.

மாற்று வழிகள்

அச்சைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேசின் பற்சக்கரங்களை மாற்றுவது ஒரு வழி. மாருதி ஜிப்சியில் இப்பெட்டி பல்லிணைப்பெட்டியிலிருந்து தனித்து நிற்பதால் இது எளிதாகிறது. சக்கரக் குடத்திலேயே கூடுதல் பற்சக்கரங்களை வைக்கும் முறை மற்றொன்று. மெர்சிடிஸ்-பென்ஸ் யூனிமாக் இவ்வாறு அமைந்தது. இதனால் அச்சின் நடுப்பகுதி தரையிலிருந்து உயர்ந்தும் நிற்கிறது.

சட்ட நிலை

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வண்டியின் உடலுக்கு வெளியே துருத்தும் டயர்களும் உயர்த்தப்பட்ட அமைப்பும் எளிதில் கண்ணில் படுபவை. விபத்திற்குப் பின் காப்பீட்டு இழப்பீடு கோரும்போது இம்மாற்றங்கள் கேள்விக்குள்ளாகலாம். ஆகவே வாடகைக்குச் சுமையோ ஆட்களோ ஏற்றும் வண்டிகளில் தயாரிப்பாளர் அனுமதித்த டயர் அளவுகளுக்குள் நிற்பதே தக்கது.