கொலாஜன்

கொலாஜன் என்பது உடலுறுப்புகளைத் தாங்கியும் ஒன்றோடொன்று பிணைத்தும் நிற்கும் இணைப்புத் திசுவின் தலைமைப் புரதம். மனித உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு வரை இதுவே ஆகும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண், தோலின் உள்ளடுக்கு, குருத்தெலும்பு, கண்ணின் கார்னியா ஆகியவற்றின் உறுதிக்கு இதுவே காரணம். எலும்பின் கால்சிய உப்புகள் படிவதும் கொலாஜன் நார்களின்மேல்தான். இதில் 28 வகைகள் அறியப்பட்டுள்ளன என்றாலும், உடலில் மிகுந்திருப்பது முதல் வகையே.

இப்புரதத்தை உருவாக்குபவை, இணைப்புத் திசுவில் ஆங்காங்கே அமைந்துள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் செல்கள். முதல் வகைக் கொலாஜனின் ஒரு மூலக்கூறில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட மூன்று சங்கிலிகள் உண்டு. அவற்றுள் ஒரேமாதிரியான இரண்டுக்குரிய ஜீன் 17ஆம் குரோமோசோமிலும், மூன்றாவதற்குரிய ஜீன் 7ஆம் குரோமோசோமிலும் உள்ளன. ஜீனில் உள்ள குறிப்பின்படி ரைபோசோம்கள் அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துச் சங்கிலியாக்க, அச்சங்கிலி செல்லின் உள்ளே மடிப்பு மடிப்பாக விரிந்திருக்கும் எண்டோபிளாச வலைக்குள் நுழைந்து, அங்கே புரோலின் என்னும் அமினோ அமிலத்தின் பல இடங்களில் ஹைட்ராக்சில் தொகுதியை ஏற்றுக்கொள்கிறது. இவ்வேலையைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. அது உணவில் இல்லாதபோது சங்கிலிகள் உறுதியாக முறுக்கிக்கொள்வதில்லை, ஈறு கசியும், காயம் ஆறாது. நெடுங்கடற்பயணம் சென்ற மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் இதுவே.

இப்பொருளின் அமைப்பு விளங்குவதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர் அதைக் கையாண்டு வந்தனர். தச்சர் காய்ச்சும் வஜ்ஜிரம், எலும்பையும் தோலையும் கொதிக்கவைத்துக் கொலாஜனின் முறுக்கை அவிழ்ப்பதால் கிடைப்பது. தோல் பதனிடுதலோ இதற்கு நேர்மாறானது. முறுக்கு அவிழாமலும் அழுகாமலும் இருக்கும்படி நார்களை நிலைப்படுத்தும் தொழில் அது. தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் கடல் கடந்து விலைபோயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமிய உப்பால் பதனிடும் முறையைப் புகுத்தினார், 1912இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அப்பகுதியிலுள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது இத்தொழிற்சாலையாலேயே. 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் அமைந்ததும் இத்தொழிலின் செல்வாக்கால்தான்.

இந்நிலையத்தின் அருகே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், 1952இல் இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அப்பதவிக்கு முதலில் சர் சி. வி. இராமனை நாடியபோது, இராமன் பரிந்துரைத்தது முப்பது வயதுகூட நிறையாத தம் மாணவரையே. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த இங்கிலாந்து அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று கூறியதைக் கேட்டு, இராமச்சந்திரன் அதை எடுத்துக்கொண்டார். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வாலின் தசைநாண் நல்ல எக்ஸ்-கதிர்ப் படங்களைத் தந்தது. நார்ப்பொருள்மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால் அதன் அணுக்களின் ஒழுங்குக்கேற்ப அது சிதறி, படத்தில் புள்ளிகளாகவும் விற்களாகவும் பதியும். அவற்றிலிருந்து அமைப்பை ஊகிப்பதே இம்முறை.

ஆயினும் படம் மட்டும் விடையைத் தரவில்லை. கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்பது வேதிப் பகுப்பாய்வால் முன்பே தெரிந்திருந்தது. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அதைத் தற்செயலாகக் கருதவில்லை. மூன்று சங்கிலிகள் கயிற்றுப் புரிகளைப்போல் ஒன்றையொன்று தழுவி நின்றால், நடுவச்சை நோக்கிய இடம் மிகக் குறுகலாகிவிடும். பக்கத்தொகுதியாக ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டுமே கொண்ட கிளைசினைத் தவிர வேறெதுவும் அங்கே அடங்காது. எனவே ஒவ்வொரு மூன்றாம் இடமும் கிளைசினாகவே இருந்தாக வேண்டும். 1954இல் நேச்சர் இதழில் வெளியான இம்மும்முறுக்கு அமைப்பை, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றிச் செல்வதாக 1955இல் அவர்களே திருத்தினர்.

அதே ஆண்டில் அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் இதற்கு மறுப்பெழுதினர். மும்முறுக்கை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றும், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க இயலாது, ஒன்றே இருக்கும் என்றும் வாதிட்டனர். கொலாஜன் வரலாற்றில் மிகுந்த பயன் தந்தது இம்மறுப்புதான் எனலாம். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்லாமல், வெளியாகியிருந்த படிக அமைப்புகளிலுள்ள அணுத்தொலைவுகளை இராமச்சந்திரன் குழுவினர் தொகுத்தனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டே. அவற்றுள் அணுக்கள் முட்டாத கோணச் சேர்க்கைகள் எவை என்பதைச் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963இல் ஒரு வரைபடமாக அவர் வெளியிட்டார். கொலாஜனுக்கு மட்டுமன்றி எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் அந்த இராமச்சந்திரன் வரைபடம், எந்தப் புரத அமைப்பையும் சரிபார்க்கும் முதற்கருவியாக இன்றும் பயன்படுகிறது.

கிளைசினின் இன்றியமையாமை பின்னர் மரபியலாலும் உறுதிப்பட்டது. முதல் வகைக் கொலாஜனின் ஜீனில் ஒரேயோர் எழுத்து மாறி, சங்கிலியின் ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதிலாக வேறோர் அமினோ அமிலம் அமர்ந்தால், சிறு அதிர்ச்சிக்கும் எலும்பு முறியும் பிறவிக்கோளாறு தோன்றக்கூடும். 1994இல் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி முதலியோர் படிகமாக்கி ஆராய்ந்த மும்முறுக்குத் துண்டிலும் ஒரு கிளைசினுக்குப் பதிலாக அலனின் வைக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் முறுக்கு சற்றே தளர்ந்து, சங்கிலிகளுக்கிடையே நீர் மூலக்கூறுகள் புகுந்திருந்தன. மற்ற இடங்களில் மும்முறுக்கு சிதையாமல் நின்றது. சங்கிலிகளை நேராகப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, ரிச்சும் கிரிக்கும் கூறியவாறு, மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்றாகவே இருந்தது.