கூடாரத்தில் குடியிருந்த கணக்குப் புலி

அரிசோனாவில் இருக்கும் நண்பன் சில படங்கள் அனுப்பியிருந்தான். பாலைவனத்துல வரிசை வரிசையா மோட்டார் ஹோம். வடக்கே பனி கொட்ட ஆரம்பிச்சதும், ரிட்டயர் ஆன தாத்தா பாட்டிகள் வீட்டைப் பூட்டிட்டு, கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியில் கிளம்பிடுவாங்க. குவார்ட்ஸைட் மாதிரி ஊர்களில் குளிர்காலத்தைக் கழிச்சிட்டு, வெயில் ஏறினதும் வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. "நம்ம பக்கம் இப்படி யாராவது சுத்தியிருக்காங்களாடா?"ன்னு கடைசியில ஒரு கேள்வி வேற.

சுத்தியிருக்கார். அதுவும் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசிப் பக்கம். மோட்டார் இல்லை, கூடாரம். அந்தத் தாத்தா பாட்டிகளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கு. இவர் அப்படி ஒண்ணு வெச்சுக்கவே இல்லை. பேரு தாமஸ் கஜெட்டன் ரேக்லண்ட்.

அவர் ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கேம்பிரிட்ஜ் போயிட்டு வந்துடலாம்.

இன்ஜினியரிங் படிச்ச மக்கள் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டை மறந்திருக்க மாட்டீங்க (அதனால அரியர் வெச்சவங்க நிச்சயமா மறந்திருக்க மாட்டீங்க). அந்த ஸ்டோக்ஸ் 1841ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். அங்கே கணக்கில் முதல் வகுப்பில் தேறினவங்களை 'ராங்லர்'னு சொல்லி வரிசைப்படுத்துவாங்க. அதே வருஷப் பட்டியலில் நாலாவது பேர் ரேக்லண்ட். 1815ல் ஜிப்ரால்டரில் பிறந்து, சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்து, லிவர்பூலில் ஒரு வியாபார ஆபீஸில் வேலை பார்த்துட்டு, அப்புறம் படிக்கப் போனவர். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோவும் ஆயிட்டார். பேசாம அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஸ்டோக்ஸ் அப்படித்தான் 1849ல் நியூட்டன் உட்கார்ந்த பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரேக்லண்ட் 1840களின் நடுவில் சி.எம்.எஸ். மிஷனின் மெட்ராஸ் செயலாளரா வந்து சேர்ந்தார். கடிதம், கணக்கு, கமிட்டி. நம்ம பாஷையில சொன்னா மேனேஜர் வேலை. அந்த வேலையா திருநெல்வேலிப் பக்கம் வந்தப்போதான் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ஜில்லாவின் தெற்கே சர்ச், பள்ளிக்கூடம், பங்களான்னு மிஷன் நல்லா வேர் பிடிச்சிருந்தது. ஆனா பங்களா வந்ததும் பாதிரியார் நிர்வாகி ஆயிடறார். பள்ளிக்கூடச் சம்பளம், சபைப் பஞ்சாயத்து, கட்டடம் பூசுற வேலை... பொழுது அதிலேயே போயிடும். அடுத்த ஊருக்குப் போக நேரம் ஏது? வடக்கே, அதாவது சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், மிஷன் பெரிசா கால் ஊன்றவே இல்லை. (அப்போ இதெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. 1910ல் ராமநாதபுரத்தோட போச்சு. 1985ல் இப்போதைய விருதுநகர் மாவட்டம் வந்தது.)

அவர் கண்டுபிடிச்ச தீர்வு ரொம்ப எளிமையானது. பங்களாவே வேண்டாம்.

1854ல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற ரெண்டு இளைஞர்களோட 'வட திருநெல்வேலி சுற்றுப்பயண மிஷன்' ஆரம்பமாச்சு. ஒரு இடத்தில் கூடாரம் போடறது. காலையும் மாலையும் சுத்துப்பட்டு கிராமங்களுக்குப் போய்ப் பேசறது. முடிஞ்சதும் கூடாரத்தைப் பிரிச்சு அடுத்த இடம். இப்படியே கிராமம் கிராமமா, திரும்பத் திரும்ப.

கேட்க ஜாலியா இருக்கும். ஆனா அந்த மண்ணை யோசிச்சுப் பாருங்க. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்கே மலையடிவாரம்; கண்மாய், தோப்பு, நிழல் எல்லாம் உண்டு. கிழக்கே நகர நகர கரிசல். கோடையில் கால் போற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். ஐப்பசி அடைமழையில் அதே மண்ணு களியாகி வண்டிச் சக்கரத்தை விடாது. ரயில் கிடையாது. சாத்தூருக்கே 1876லதான் ரயில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ரயிலைப் பார்க்க 1927 ஆகிடுச்சு.

ஊர் சனத்துக்கு நாடோடி வாழ்க்கை ஒண்ணும் புதுசில்லை. ஆட்டுக்கிடை போடறவங்க அறுவடை முடிஞ்ச காட்டைத் தேடி ஊர் ஊரா நகர்ந்துகிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா வெள்ளைக்காரன் கூடாரம்னா அது சர்க்கார் முகாம். துரை ஜமாபந்திக்கு வந்துட்டார், வரி கேட்பார்னு எத்தனை பேர் பயந்திருப்பாங்களோ! வந்தவர் வரி கேட்கலை, மதம் மாறச் சொன்னார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனா ஊரில் மேளச் சத்தம் கேட்க, கூடாரத்துல உட்கார்ந்து தமிழ் வினைச்சொற்களோட மல்லுக்கட்டும் நாலாவது ராங்லரை நினைச்சுப் பார்க்காம இருக்க முடியலை.

உடம்பும் ஒத்துழைக்கலை. நுரையீரல் கோளாறு, அதுக்காக ஏற்கனவே ஒருமுறை இங்கிலாந்து போயிட்டு வந்தவர். 1858 அக்டோபர் 22, சிவகாசி. நுரையீரலில் ரத்தக்குழாய் வெடிச்சு இறந்துட்டார். வயசு 43. அப்போ கணக்குக் காட்ட பெரிய எண்ணிக்கை எதுவும் இல்லை. கூடாரம் போட்டது நாலே வருஷம்.

இவர் காலத்திலேயே தெற்கே இடையன்குடியில் கால்டுவெல் இருந்தார். 1841ல் வந்து ஐம்பது வருஷம் அங்கேயே வேரூன்றி, 1856ல் ஒப்பிலக்கணம், 1881ல் திருநெல்வேலி வரலாறுன்னு எழுதிக் குவிச்சார். 1968ல் மெரினாவில் சிலையும் வெச்சாச்சு. ஒரே இடத்தில் உட்கார்ந்தவருக்குச் சிலை, சுத்தினவரை ஊருக்கே தெரியாது. ரேக்லண்டுக்குப் பின்னாடி வந்த மிஷனும் கடைசியில் பள்ளிக்கூடம், சர்ச்னு கட்டடம்தான் கட்டினது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி போற வழியில் வர்ற சாட்சியாபுரம் அப்படி உருவான ஊர்தான். அப்போ கூடாரம் தோத்துப் போச்சா?

பாதி ஆமாம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா அவர் கேட்ட கேள்வி தோற்கலை. நாம கட்டினதைப் பராமரிக்கிறதே நம்ம முழுநேர வேலை ஆயிட்டா, எதுக்காகக் கட்ட ஆரம்பிச்சோமோ அதை யார் செய்யறது? பழைய கோடைப் பராமரிச்சே அஞ்சு வருஷம் ஓட்டின எனக்கு இது சுருக்குன்னு குத்துச்சு.

இன்னொரு உறுத்தலும் இருக்கு. ரேக்லண்டுக்காவது ரெண்டு வாழ்க்கை வரலாறு இருக்கு: 1861ல் பெரோன் எழுதினது, 1922ல் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் எழுதினது. இந்தக் கூடாரத்துக்குத் தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவிலேயே உபதேசியார்களை முறை வெச்சு அனுப்பினாங்க. ஒரு மாசம் வந்து, அதே கரிசலில் நடந்து, ஊர்க்காரங்க கிட்ட அவங்க தமிழிலேயே பேசிட்டுத் திரும்பிப் போனவங்க. துரைக்கு முன்னாடி வாயைத் திறக்காத ஊர், இவங்க கிட்டதான் பேசியிருக்கும்னு நான் நினைக்கிறேன். அவங்க பேரை எங்க பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கேம்பிரிட்ஜ் பட்டியலில் நாலாவது யாருன்னு தேடினா உடனே கிடைக்குது. நம்ம கண்மாய்க்கரையில் நடந்தவங்க பேரு கிடைக்க மாட்டேங்குது. உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது அந்தப் பேர்களில் ஒண்ணு தெரிஞ்சா, எழுதி வையுங்க மக்களே.