தோகையும் ஓப்பீரும்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் 1 இராஜாக்கள் 10:22 ஒரு சரக்குப் பட்டியல். சாலொமோனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு ‘துக்கி’யும் கொண்டுவந்தன என்கிறது. துக்கியை மயில் என்றே வழக்கமாகப் பெயர்க்கிறார்கள். தமிழின் ‘தோகை’தான் எபிரேயத்துக்குப் போயிற்று என்று வாதிட்டவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. பொன் விளைந்த இடமாக விவிலியம் சொல்லும் ஓப்பீர், திருநெல்வேலிக் கடற்கரையின் உவரியே என்போரும் உண்டு; ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்குப் பிடிமானம் இல்லை.

மண்ணில் கிடைத்த சான்று இரண்டு பக்கமும் வெட்டுகிறது. இஸ்ரேலின் டெல் காசிலேயில் 1946இல் கிடைத்த பானையோட்டில், ‘ஓப்பீர்ப் பொன், பெத்தொரோனுக்கு, 30 சேக்கல்’ என்ற பொருளில் சில சொற்கள் உள்ளன. கணக்குக்காகக் கீறிவைத்த குறிப்பு அது, பக்திக்காகப் புனைந்ததல்ல. ஆகவே ஓப்பீர் விவிலிய ஆசிரியரின் கற்பனை அன்று. ஆனால் ஓடு கி.மு. 8ஆம் நூற்றாண்டினது, சாலொமோனுக்குச் சுமார் இருநூறு ஆண்டு பிந்தியது. எங்கே கிண்டினாலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்று விற்பதுபோல, அதற்குள் ஓப்பீர் என்பது உயர்ந்த பொன்னின் வணிகப் பெயராகவும் ஆகியிருக்கலாம்.

துக்கி என்றால் மயில்தானா என்பதே தகராறு. எகிப்தியச் சொல்லோடு பொருத்தி அதை ஒருவகைக் குரங்காகக் கொள்வாரும் உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தில் குரங்கும் இல்லை, துக்கியும் இல்லை. செதுக்கிய கற்களே வருகின்றன. ‘தூத்துக்குடிப் பக்கத்துச் சிவகளையின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்கிறார்களே, அப்போதே இங்கே மக்கள் இருந்தார்களே’ என்று கேட்கலாம். இருந்தார்கள், அதனால் கப்பல் வந்ததாகிவிடாது. கி.மு. 1213இல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் மூக்கில் மிளகு கிடைத்தது. அந்த மிளகு எத்தனை கை மாறிப் போயிற்றோ! சொல்லும் அப்படிப் போகக்கூடியதே.

ஒரு பொருள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. ஆலங்குளத்துக்கு அருகே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளம். சங்கு கடலில்தான் விளையும்; கடற்கரைக்கும் இந்தக் கரிசல் ஊருக்கும் போக்குவரத்து இருந்ததற்கு ஓர் உடைந்த வளையலே போதும். எந்த அரசன் காலத்தில், யார் சுமந்துவந்தார் என்பதை அது சொல்லாது. சாலொமோனின் பட்டியலையும் இதே தராசில்தான் நிறுக்கவேண்டும். கீழைச் சரக்கும் ஓப்பீர் என்ற பெயரும் எபிரேயருக்குத் தெரிந்திருந்தன என்பதுவரை அதை நம்பலாம். சாலொமோனின் மாலுமி பாண்டிக் கரையில் நங்கூரமிட்டான் என்பதற்கு, பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையின் கி.மு. 10ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கில் மேற்காசியப் பொருள் ஏதாவது கிடைக்கவேண்டும். அங்கே பழைய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலமோ சுமார் கி.மு. 785தான்.