எதிரூரின் பெயரைச் சுமக்கும் சாலை

பெங்களூரு ரிச்மண்ட் டவுனில் ஜான்சன் மார்க்கெட் பக்கம் நின்று, இது எந்த ரோடு என்று கேளுங்கள். ஓசூர் ரோடு என்பார்கள். அங்கிருந்து ஆடுகோடி, மடிவாளா, பொம்மனஹள்ளி, சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் வந்து, ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி ஓசூருக்குள் இறங்கி அதே சாலையைக் கேட்டால், பெங்களூர் ரோடு என்பார்கள். எந்த ஊரில் கிடக்கிறதோ அந்த ஊர்ப் பெயர் அதற்கு இல்லை. போய்ச் சேருகிற ஊரின் பெயர்தான் இரு முனையிலும்.

ஓசூரின் பெரிய சாலைகள் எல்லாமே இப்படித்தான். பாகலூர் ரோடு, தளி ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு, இராயக்கோட்டை ரோடு. ஆட்டோக்காரரிடம் சொல்லும்போது இவை வெறும் வழிக்குறிகள். வரிசையாக வைத்துப் பார்த்தால் பழைய அரசியல் படம் ஒன்று விரிகிறது. பாகலூரும் தளியும் பாளையக்காரர்கள் ஆண்ட ஊர்கள். மற்ற இரண்டும் பெயரிலேயே கோட்டையை வைத்திருப்பவை.

இதில் இராயக்கோட்டை ரோட்டின் கதை தனி. 1791இல் காரன்வாலிஸ் படையெடுப்பின்போது ஓசூர்க் கோட்டையும் இராயக்கோட்டையும் கிழக்கிந்தியக் கும்பினியார் கையில் விழுந்தன. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கும்பினிக்குப் போனது. மலைக்கு மேலே பாலாகாட் எனப்பட்ட ஓசூர்ப் பகுதி திப்புவிடமே நின்றது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் அதுவும் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆக, 1792 முதல் ஏழாண்டு காலம் இராயக்கோட்டைக்குப் போகிற வழி ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்குப் போகிற வழி. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை மைசூர் நாட்டுக்குள் புகுந்தது இராயக்கோட்டை வழியாகத்தான். ஷேர் ஆட்டோ ஓடும் அந்தச் சாலையை நான் கடக்கும் ஒவ்வொரு முறையும் இது நினைவில் வரும். எல்லை இங்கே 1956 மொழிவாரி மாநிலப் பிரிவினையோடு பிறந்ததல்ல; அது இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, சாலைப் பெயர் மட்டும் மாறவில்லை.

ஊரின் பெயருக்கு வருவோம். கல்வெட்டுகளில் இவ்வூர் முரசு நாட்டுச் செவிடபாடி. பாடி என்றால் ஊர். படை தங்கும் இடமும் பாடிதான். பிற்காலத்தில் வந்த ஓசூர் என்ற பெயர் கன்னடத்தின் ‘ஹொஸ ஊரு’, அதாவது புதிய ஊர். பழங்கன்னடத்தில் அது ‘பொஸ’ என்றிருந்தது. இடைக்காலத்தில் கன்னடச் சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்தபோது பொஸ, ஹொஸ ஆயிற்று. பள்ளி, ஹள்ளி ஆயிற்று. தமிழ் நாக்கு அந்த ஹகரத்தையும் விட்டுவிட்டது. ஹொஸூரு ஓசூரானதும், தருமபுரி, கிருஷ்ணகிரி நெடுகிலும் ஊர்ப்பெயர்கள் ‘அள்ளி’ என்று முடிவதும் இந்த ஒரே விதியால்தான். பள்ளி, ஹள்ளி, அள்ளி மூன்றும் ஒரே சொல்லின் மூன்று பருவங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலெ என்று கன்னடத்தில் எழுதியிருக்கும் ஊரை நம்மவர்கள் அத்திப்பள்ளி என்று தமக்குத் தெரிந்த முடிவைக் கொடுத்து அழைப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஓசூரை ஒட்டியே கொத்தகொண்டபள்ளி இருக்கிறது. கொத்த என்றால் தெலுங்கில் புதிய. தமிழ்நாடெங்கும் புதூர் என்றும் புத்தூர் என்றும் சொல்வதைத்தான் இங்கே கன்னடமும் தெலுங்கும் தம் வாயால் சொல்லியிருக்கின்றன. இந்த வட்டாரத்துப் பெயர்களை எந்த ஒரு மொழியின் கணக்கிலும் எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பெங்களூரு முனைக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கே ஆடுகோடிப் பக்கத்தில் இந்தச் சாலைக்கு லஷ்கர் ஓசூர் ரோடு என்றும் பெயர் உண்டு. லஷ்கர் என்பது படை, படைமுகாம். பெங்களூருத் தண்டு 1809இல் எழுந்தது. ஓசூர் மத்திகிரியிலோ படைக்குக் குதிரை வளர்க்கும் பண்ணை 1824 முதல் இருந்தது. இன்று அது அரசுக் கால்நடைப் பண்ணை. செவிடபாடியில் ஒரு பாடி, எதிர்முனையில் ஒரு லஷ்கர்: பொருள் தேடிப் போகிறவனுக்கு இரண்டும் கைகோத்து நிற்பதாகவே தோன்றும்.

இதே சாலையோரம் மடிவாளா சோமேசுவரர் கோயிற்சுவரில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வெங்களூர்ப் பெரிய ஏரியைக் குறிப்பிடுகிறது. பொம்மனஹள்ளியிலிருந்து பிரிகிற பாதையில் பேகூர் நாகேசுவரர் கோயில். சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த அங்குள்ள நடுகல் ஒன்று பெங்களூருப் போரில் மாண்ட வீரனைச் சொல்கிறது. நமக்குத் தெரிந்தவரை அந்த மாநகரின் பெயர் கல்லில் ஏறிய மிகப் பழைய இடம் அது. அதுவும் ஓசூர் ரோட்டிலிருந்து அதிகத் தூரமில்லை. கல்லெழுத்து மட்டுமல்ல, கல்வியும் இரு ஊர்களை இணைத்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து ஓசூரில் பள்ளிப்படிப்பு முடித்த இராஜாஜி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில்தான் 1894இல் பட்டம் பெற்றார். படிக்கப் போகவும் பிழைக்கப் போகவும் ஓசூர்க்காரருக்கு அன்றும் கிட்டத்து நகரம் அதுவே.

பெங்களூரில் சவுத் பரேடு 1948இல் மகாத்மா காந்தி சாலையானது. படை அணிவகுப்பின் பெயரையோ துரை பெயரையோ எடுத்துவிட்டுத் தலைவர் பெயர் வைப்பதில் ஒரு நியாயம் உண்டு. பக்கத்து ஊரின் பெயரை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும். ஓசூர் ரோடு அப்படியே நின்றது. தேசிய நெடுஞ்சாலை 7 என்ற எண் 44 ஆனதையும் மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது ஹைவே, இல்லையென்றால் பைபாஸ்.

ஊருக்குள் எனக்கு மிகவும் பிடித்த பெயர் தேர்ப்பேட்டை. சந்திரசூடேசுவரர் மலையடிவாரம். மார்ச் மாதத்தை ஒட்டி வரும் தேரோட்டத்துக்குக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். ஒரு காலை நேரம் அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் நேதாஜி ரோட்டுக்கு வழி கேட்டேன். “அதெல்லாம் தெரியாது கண்ணு. தேர் போற வழியா, தேர் நிக்கிற இடமா, அதச் சொல்லு” என்றார். சொல்லி முடிக்குமுன் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் தெலுங்கில் சில்லறை கேட்டார். ஆனேக்கல்லிலிருந்து வந்தவருக்குக் கன்னடத்தில் விலை சொன்னார். முழங்கையால் பூவை அளந்து, வாழை நாரைப் பல்லால் கடித்து அறுத்து, என் கையில் கொடுத்தார். மூன்று மொழி மாறியும் விரல் ஒரு முடிச்சைக்கூடத் தவறவிடவில்லை.

1971இல் சிப்காட் நிறுவப்பட்ட பின் ஓசூரின் பெயரிடும் முறையே மாறிப்போயிற்று. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வந்தது. வீட்டுக்குக் கடன் கொடுத்த நிறுவனத்தின் சுருக்கப் பெயரே இடப்பெயர் ஆயிற்று: ஹட்கோ. புதிய மனைப்பிரிவுகளில் ‘செகண்ட் கிராஸ், தேர்ட் மெயின்’ என்று எழுதுகிறார்கள். குறுக்குத் தெருவைக் கிராஸ் என்பது பெங்களூரு வழக்கம். அந்தப் பெங்களூர் ரோடு ஆட்களையும் சரக்கையும் மட்டும் இறக்கவில்லை, தெருவுக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.

எண்ணிட்ட தெருக்களை நான் குறை சொல்லவில்லை. தபால்காரருக்கும் ஆம்புலன்சுக்கும் அவை தேவை. ஆனால் 2019இல் மாநகராட்சியான ஓசூர், பேடரப்பள்ளி, மூக்கண்டப்பள்ளி, சின்ன எலசகிரி போன்ற பழைய ஊர்களைத் தன் வளர்ச்சிக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறது. பேடர் என்றால் கன்னடத்தில் வேடர். அந்த ஒரு சொல் போனால், இந்தத் தொழிற்பேட்டைக்கு முன்னால் இங்கே காடும் வேட்டையும் இருந்தன என்பதைச் சொல்ல வேறு ஆவணம் அந்தத் தெருவில் இருக்காது. கிராஸ் என்று எழுதும் பலகையில் கீழே ஒரு வரி இடம் இருக்கிறது. ஏரியோ தோப்போ பழைய ஊரோ, அங்கிருந்ததன் பெயரை அந்த வரியில் எழுத வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுத வேண்டும்.

மாலை ஏழு மணிக்குப் பெங்களூரு ஓசூர் ரோட்டின் சில்க் போர்டு சந்திப்பில் நின்றால் இரண்டு மாநிலப் பேருந்துகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒரு நடத்துநர் ‘ஹொசூர் ஹொசூர்’ என்பார், மற்றவர் ‘ஓசூர் ஓசூர்’ என்பார். டிபன் கேரியரும் தோள்பையுமாக நிற்பவர்கள் எது முதலில் கதவு திறக்கிறதோ அதில் ஏறிக்கொள்கிறார்கள்.