கியூ பாலத்து நீராவி யந்திரங்கள்

லண்டனின் மேற்கே, தேம்ஸ் நதியின் வடகரையில், கியூ பாலத்தருகே நீராவி யந்திரங்களுக்கென்று ஒரு காட்சிசாலை இருக்கிறது. அதன் பூர்வ சரித்திரம் ஜனங்களின் கோபத்தில் ஆரம்பமாகிறது. கிராண்ட் ஜங்ஷன் என்ற குடிநீர்க் கம்பெனி செல்ஸியில் ஜலம் எடுத்துவந்த இடத்துக்கு அருகிலேயே ரானலா சாக்கடை ஆற்றில் விழுகிறதென்பதை, 1827-ல் ஜான் ரைட் என்பவர் ஒரு சிறு பிரசுரத்தின் மூலம் ஊரறியச் செய்தார். காசு கொடுத்து வாங்கும் ஜலத்தில் கழிவு கலந்திருப்பதா என்ற கூக்குரல் விசாரணைக் கமிஷன் வரையில் சென்றது. முடிவில் கம்பெனி 1838-ல் ஆற்றின் மேற்பக்கமாக நகர்ந்து கியூ பாலத்தருகே புதிய நிலையம் அமைத்தது. செல்ஸியில் ஜலம் இறைத்து உழைத்த 1820-ஆம் வருஷத்து போல்டன்-வாட் நீராவி யந்திரமும் பின்னால் இங்கே வந்து சேர்ந்தது.

ஆனால் காண்போரைத் திகைக்கவைப்பது 1846-ல் நிறுவப்பட்ட கார்ன்வால் முறை யந்திரமே. அதன் உருளையின் குறுக்களவு 90 அங்குலம். பிஸ்டனின் ஓட்டம் 11 அடி. மேலிருந்து நீராவி அழுத்த, கீழே வெற்றிடம் இழுக்க, பிஸ்டன் இறங்கும்போது, நம் ஏற்றத்தின் துலாவைப் போலப் பெரும் இரும்பு உத்தரம் சாய்ந்து, மறுமுனையில் தொங்கும் பளுவைத் தூக்குகிறது. பின்பு ஒரு வால்வு திறந்து, நீராவி பிஸ்டனின் இருபுறமும் சமமாகப் பரவியதும், அந்தப் பளு தன் கனத்தாலேயே இறங்கி, ஒரு வீச்சுக்கு 472 காலன் ஜலத்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது. நகரத்துக்கு ஜலத்தை அனுப்பியது நேராக நீராவியன்று, அது தூக்கிவைத்த பளுவே என்பதில்தான் இந்த அமைப்பின் மேதைமை விளங்குகிறது. நிலக்கரியைக் கடல்கடந்து வேல்ஸிலிருந்து வருவிக்க வேண்டியிருந்த கார்ன்வால் சுரங்கக்காரர்கள், ஒவ்வொரு கூடைக் கரியையும் எண்ணிச் செலவிட்டு உருவாக்கிய அமைப்பு அது. பெருங்குழாய் எங்கேனும் வெடித்து, எதிர்ப்பு சட்டென்று அற்றுப்போனால், பளு தடையின்றி விழுந்து யந்திரத்தையே நொறுக்கிவிடும். அந்த அபாயத்தைத் தணிக்கவே, ஜலம் நிறைந்து எதிர்ப்பைக் காக்கும் நிமிர்ந்த குழாய்களைத் தாங்கும் சுமார் 200 அடிக் கோபுரம் 1867-ல் எழுந்தது.

சாக்கடைக்குத் தப்பி வந்தும் கியூ போதிய தூரமாகவில்லை. கடலின் ஏற்றவற்றம் கழிவை அங்கேயும் கொண்டுவந்தது. 1852-ஆம் வருஷத்துச் சட்டம் தேம்ஸ் நீரை ஏற்றவற்றம் எட்டாத டெடிங்டன் அணைக்கு மேலேதான் எடுக்கவேண்டுமென்று விதிக்கவே, கம்பெனி 1855-ல் ஹாம்ப்டனுக்குப் போயிற்று. கியூவின் யந்திரங்களோ அங்கிருந்து வந்த ஜலத்தை நகரத்துக்குத் தள்ளும் பணியைத் தொடர்ந்தன.

1944-ல் நீராவி ஓய்ந்தபோது அவற்றை இரும்பு விலைக்கு விற்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் நின்ற இடத்திலேயே காத்தவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். 1975-ல் காட்சிசாலை திறந்தது. தொண்டர்கள் துருவைச் சுரண்டி, எண்ணெயிட்டு, அவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் ஓடச் செய்தார்கள்.